காப்பு வாரத்து வரைபடம்

இரும்புலியூர்
18 ஆகஸ்ட் 2025, திங்கள், மாலை 6.40
நீ என் எண்ணை பிளாக் செய்த பிறகு நான் அழைத்தது: 31 முறை

அக்கா,

அந்த 31-இல் அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டதும் அடக்கம். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால்தான் காகிதம். நாளைக் காலை குமரவேல் மாமா உங்கள் கீரை ஏற்றி வரும் லோடு ஆட்டோவை இங்கே டீக்கடையில் நிறுத்தும்போது இதைக் கொடுத்துவிடுவேன். கீரைக் கூடையில் போட்டு நனைத்துவிட வேண்டாம் என்று சொல்லியும் விடுவேன்.

மாமா விஷயத்தைச் சொன்னார். நெடுங்கரை ஊராட்சி அலுவலகப் பலகையில் லாரி நிறுத்துமிடத் திட்டத்தின் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். ஏரிக்கரைக்குக் கீழே நீங்கள் கீரை போடும் பதினோரு ஏக்கரும் அதில் வருகிறது. பக்கத்தில் 'தரிசு, பயன்பாட்டில் இல்லை' என்று எழுதியிருக்கிறது. அடியில் 'ஆய்வு: முகிலன்.' உண்மைதான். அந்த ஆய்வைச் செய்தது நான்தான்.

ஆனால் நான் பொய் எழுதவில்லை. ஆகஸ்ட் 7, வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கம்பெனி டிரோனைப் பறக்கவிட்டேன். நல்ல வெளிச்சம். மொத்தம் நானூறு ஏக்கர். ஒவ்வொரு துண்டையும் கண்ணால் பார்க்க எனக்கு நேரம் கிடையாது. மென்பொருள் நிறத்தைப் பார்த்துப் பிரித்துவிடும். உங்கள் பதினோரு ஏக்கரில் பயிர் பூஜ்யம் என்று வந்தது. சந்தேகப்பட்டு அந்த ஒரு துண்டை மட்டும் நானே பெரிதாக்கிப் பார்த்தேன். வெறும் மண். உன் பாத்தியிலும் ஒரு இலை இல்லை. நீ விட்டுவிட்டாய் என்று நினைத்தேன். நல்லதாகப் போயிற்று என்றும் நினைத்தேன், மறைக்க மாட்டேன். எம்.சி.ஏ. முடித்து, ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை பார்த்து, அதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சேற்றில் நிற்கிறாய் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவன் நான்.

படத்தில் இருந்ததை எழுதினேன். அதற்கு எதற்கு இவ்வளவு கோபம்? பதில் வேண்டும். சீக்கிரம்.

முகிலன்

*

நெடுங்கரை
22 ஆகஸ்ட், வெள்ளி

டேய் முகிலா,

சீக்கிரமாம். நாலு நாள் கழித்துத்தான் எழுதுகிறேன், வேண்டுமென்றே.

எண்ணைத் திறக்க மாட்டேன். போனில் பேசினால் நான் பாதி வாக்கியம் சொல்வதற்குள் நீ பூந்து மீதியை நீயே சொல்லி, அதற்குப் பதிலும் சொல்லிவிடுவாய். எழுதினால் நான் முடிக்கிற வரைக்கும் நீ வாயை மூடித்தான் ஆகவேண்டும். எனக்கு இது பிடித்திருக்கிறது.

இப்போது கேள். ஆகஸ்ட் 7 என்ன நாள்? ஆடி மாதம். ஆகஸ்ட் முதல் தேதி வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் அம்மனுக்குக் காப்பு கட்டினார்கள். பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றினார்கள். காப்பு கட்டிவிட்டால் நெடுங்கரையில் மண்ணில் கொத்து விழக்கூடாது, விதை தூவக்கூடாது. அதனால் அதற்கு முந்தின நாளே சிறுகீரை, முளைக்கீரை எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி ஆடி வெள்ளி வியாபாரத்துக்கு அனுப்பிவிடுவோம். வெட்டி வெட்டி எடுக்கிற அரைக்கீரையையும் அப்போதுதான் அடியோடு எடுத்து மண்ணைப் புரட்டிப் போடுவோம். பத்து நாள் பதினோரு ஏக்கரும் மொட்டையாகக் கிடக்கும். வருடத்தில் அந்தப் பத்து நாள்தான். நீ அந்தப் பத்து நாளில் வந்திருக்கிறாய்.

போன வருடம் அதே கூழைக் குடித்துவிட்டு, 'அக்கா, இன்னொரு சொம்பு' என்று மூன்றாவது முறை நின்றவன் நீ. ஊருக்கே கையில் மஞ்சள் கயிறு கட்டியிருந்ததை உன் கண் பார்க்கவில்லை. முந்நூறு அடி உயரத்திலிருந்து தெரிகிறது என்கிறாய். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களின் கை தெரியவில்லை.

எட்டுக் குடும்பம் இந்தப் பதினோரு ஏக்கரை நம்பி இருக்கிறது. அதில் ஒன்று என் குடும்பம். செப்டம்பர் 12 அன்று கருத்துக் கேட்புக் கூட்டம். அன்றைக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால் இங்கே லாரி நிற்கும். பலகையைச் சுற்றி நின்றவர்கள் ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை. 'கீதா தம்பி பேரு மாரி கீதே' என்று மட்டும் ஒருத்தர் சொன்னார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

கீதா

*

இரும்புலியூர்
25 ஆகஸ்ட், திங்கள்

அக்கா,

வாயை மூடிக்கொண்டு முழுதாகப் படித்தேன். இரண்டு முறை.

தப்புதான். ஆனால் அது நீ நினைக்கிற தப்பைவிட மோசமானது. அந்த வாரத்தை நான் தெரியாமல் எடுக்கவில்லை. தெரிந்தேதான் எடுத்தேன். டிரோன் கிளப்பினால் கூட்டம் கூடும். 'எதுக்கு எடுக்கிற, யாருக்கு எடுக்கிற' என்று கேள்வி வரும், அரை நாள் போய்விடும். நெடுங்கரைத் திருவிழா வாரம் என்றால் எல்லோரும் கோயிலில் இருப்பார்கள், குறுக்கே ஆள் வராது என்று நானே தேர்ந்தெடுத்தேன். ஆள் இல்லாத வயலில் பயிரும் ஏன் இல்லை என்று யோசிக்கவில்லை. ஒரே காரணம்தான் இரண்டையும் காலி செய்திருக்கிறது. எனக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை முழுக்க ஆபீசில் பழைய செயற்கைக்கோள் படங்களைத் தோண்டினேன். ஐந்து நாளுக்கு ஒரு தடவை தலைக்கு மேல் போகும்போது எடுக்கிற படம். இரண்டு வருடத்தில் மேகம் இல்லாதவற்றை மட்டும் எடுத்து வரிசையாக ஓடவிட்டேன். அக்கா, அதை நீ பார்க்க வேண்டும். ஒரு பாத்தி காலியானால் பக்கத்துப் பாத்தி துளிர்க்கிறது, அதற்கடுத்தது முற்றுகிறது. கட்டம் கட்டமாகப் பச்சை நகர்ந்துகொண்டே இருக்கிறது. மே மாதம் வண்டலூரிலிருந்து கூடுவாஞ்சேரி வரை எல்லாம் காய்ந்து பழுப்பாகக் கிடக்கும்போது உங்கள் துண்டு மட்டும் ஈரமாக இருக்கிறது. இரண்டு ஆடியிலும் ஒரு படம் மட்டும் மொட்டை. மற்ற எல்லாப் படத்திலும் பச்சை. நானூறு ஏக்கரில் வருடம் முழுக்க ஓய்வே எடுக்காத ஒரே நிலம் அதுதான். அதைத்தான் நான் பயன்பாட்டில் இல்லை என்று எழுதியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். பத்து நாள் எல்லோரும் ஒரே நேரத்தில் காலி விட்டால் புழுவுக்குத் தீனி இல்லாமல் போகும், நோயின் தொடர்ச்சி அறுந்துவிடும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடா?

மேனேஜர் ஸ்ரீநிவாசராகவன் சாரிடம் போனேன். "படம் பொய்யா முகிலன்?" என்றார். இல்லை என்றேன். "அப்போ நம்ம பக்கம் தப்பு இல்ல. ரிப்போர்ட் போயாச்சு. மாத்தணும்னா நிலத்துக்காரர் கூட்டத்துல ஆட்சேபம் சொல்லட்டும், மறு ஆய்வு பண்ணிக்கலாம்" என்று மானிட்டர் பக்கம் திரும்பிவிட்டார்.

அவருக்காகக் காத்திருக்கப் போவதில்லை. எட்டுக் குடும்பத்தின் பெயர், யாருக்கு எந்தப் பாத்தி, எத்தனை சென்ட், எல்லாவற்றையும் அனுப்பு. புது மேப் போட்டு, பயிர் செய்பவர் பெயரோடு, வெள்ளிக்கிழமைக்குள் அதிகாரி மேஜையில் வைத்துவிடுகிறேன். இரண்டு நாள் வேலை.

முகிலன்

*

நெடுங்கரை
28 ஆகஸ்ட், வியாழன்

முகிலா,

வைக்காதே. எதையும் யார் மேஜையிலும் வைக்காதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் மாமாவிடம் 'சரி' என்று வாயால் சொல்லி அனுப்பு. அதற்கப்புறம்தான் எனக்குத் தூக்கம் வரும்.

முதலில் புழு. பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. பம்பை உடுக்கை அடிக்கிற பத்து நாளில் களை எடுக்க எந்த ஆள் வரும்? வராது. அதனால் காலி. அவ்வளவுதான். உனக்கு எதற்குப் பின்னாலும் ஒரு காரணம் வேண்டும். சில சமயம் ஆள் வரவில்லை என்பதுதான் காரணம்.

இப்போது பெயர். இந்த நிலம் யாருடையது என்று உனக்குத் தெரியும். தாம்பரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற பொன்னுரங்கம் முதலியார். அவர் அப்பா இங்கே நெல் போட்டார். இவர் கடைக்குப் போய் இருபது வருடம் ஆகிறது. எங்கள் எட்டுக் குடும்பத்துக்கும் அவருக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. யாருக்கு எந்தப் பாத்தி என்பது வாய்ச்சொல். ஒவ்வொரு பாத்தியிலும் பிடுங்குகிற முதல் கட்டு அவர் வீட்டுக்குப் போகும், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை. அந்தக் கட்டை அவர் மனைவி புஷ்பம் அக்கா கையில் வாங்கிக்கொண்டால் இந்த வாரமும் நிலம் எங்களுடையது என்று அர்த்தம். அதுதான் எங்கள் பத்திரம்.

அவருக்கு ஒரே பயம். எங்கள் பெயர் எந்த அரசாங்கக் காகிதத்திலாவது வந்துவிட்டால் நாளைக்கு உரிமை கேட்போம் என்று. நான் வருவதற்கு முன்னால் ஒருத்தர் மோட்டார் கொட்டகைக்குத் தன் பேரில் கரண்டு மனு போட்டாராம். அடுத்த வெள்ளிக்கிழமை புஷ்பம் அக்கா கட்டை வாங்கவில்லை. கதவுக்கு உள்ளேயே நின்றாராம். அந்தக் குடும்பம் இப்போது ஊரப்பாக்கத்தில் இட்லி மாவு அரைத்து விற்கிறது.

நீ எங்கள் பெயரோடு மேப் போட்டால் லாரி வருவதற்கு முன்னாலேயே நாங்கள் வெளியே. காகிதத்தில் நாங்கள் எப்போதுமே பூஜ்யம், அதற்கு அடியில்தான் இத்தனை நாள் நாங்கள் ஒளிந்திருந்தோம் என்று வேண்டுமானாலும் வைத்துக்கொள். நீ ஒருத்தன்தான் அதை ஊரறிய எழுதிவிட்டாய்.

என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. யோசிக்கிறேன். நீ யோசிக்காதே. நீ யோசிப்பதற்குள் செய்துவிடுவாய்.

கீதா

*

இரும்புலியூர்
1 செப்டம்பர், திங்கள்

அக்கா,

மாமாவிடம் 'சரி' சொன்னேன். சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். அதையும் சொன்னாரா?

பெயர் இல்லாத தகவல் தகவலே இல்லை என்பது என் கட்சி. அது மாறவில்லை. ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. அதனால் நேற்று ஞாயிற்றுக்கிழமை மாமா ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று மாமாவிடம் கேட்டுக்கொண்டேன். சொல்லியிருப்பார்.

விடியும்போது தாம்பரம் மார்க்கெட். ஈரச் சாக்கை விலக்கினால் முதல் நாள் சாயங்காலம் பிடுங்கின கீரை அப்படியே விறைப்பாக நிற்கிறது. கூறு வைத்து விற்கும் தையல்நாயகி அக்கா என்னைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, போன தூக்கிகினு வந்துட்ட? கீரைய போட்டோ புட்சா வதங்கிடும், போ அப்பால."

மாமா, "கீதா தம்பிக்கா" என்றார்.

"அட! எங்க கீரைய இல்லன்னு எழுதனவன் இவன்தானா? இந்தா, ஒரு கட்ட தொட்டுப் பாரு. கீதா இல்லியா?"

இருக்கிறது என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். நிஜமாகவே ஒரு கட்டைக் கையில் திணித்து, பிடித்துக்கொண்டு நிற்க வைத்துவிட்டார். வாங்க வந்தவர்கள் எல்லாம் என்னிடம் விலை கேட்டார்கள்.

அங்கிருந்து கேம்ப் ரோடு, சேலையூர் வழியாக மேடவாக்கம். நீ பிடித்து வைத்திருக்கிற ஒன்பது அபார்ட்மெண்ட். ஒவ்வொரு கேட்டிலும் மாமா நிற்கிற நேரம் உன் கணக்கு என்றார். எந்தப் பள்ளிக்கூட பஸ் எந்த கேட்டுக்கு எப்போது வருகிறது என்று பார்த்து, அம்மாக்கள் பிள்ளைகளை ஏற்றிவிட்டுத் திரும்பும் அந்தக் கொஞ்ச நேரத்தில் வண்டி அங்கே நிற்கும்படி வைத்திருக்கிறாய். ஞாயிறு பஸ் இல்லை, அதனால் ஞாயிறுக்கு வேறு வரிசை. இதை யார் சொல்லிக் கொடுத்தது? யாருமில்லை. நீயே உட்கார்ந்து போட்டிருக்கிறாய். ஓ.எம்.ஆரில் உன்னை வைத்து என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

திரும்பும்போது வண்டி காலியாக வரும் என்று நினைத்தேன். மார்க்கெட்டில் மறுபடி நிறுத்தி, முட்டைக்கோஸ் மேல் இலை, காலிஃபிளவர் தண்டு, வாழை மட்டை என்று ஏற்றினார். நெடுங்கரை மாடுகளுக்கு. அந்த மாட்டுச் சாணம்தான் உன் பாத்திக்கு. ஒரு கிலோமீட்டர் கூடக் காலியாக ஓடாத வண்டி, அக்கா. இதே விஷயத்தைச் செய்யத் தனி மென்பொருள் எழுதிப் பெரிய கம்பெனிகளுக்கு விற்கிறோம். அவர்கள் வண்டிகள் பாதி நேரம் காலியாகத்தான் ஓடுகின்றன.

இன்னொன்று. ஒரு கேட்டில் எங்களுக்கு முன்னால் தண்ணீர் லாரி நின்றது. எந்த ஊர்த் தண்ணீர் என்று டிரைவரிடம் கேட்டேன். உங்கள் ஏரிக்கரைப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர்தான். லாரி உள்ளே போனது; பின்னாலேயே கீரை உள்ளே போனது. ஒரே ஏரியின் ஊற்று இரண்டு வேஷத்தில் ஒரே கேட்டுக்குள் போகிறது. லாரித் தண்ணீர் சாயங்காலத்துக்குள் சாக்கடையில். கீரைக்கு ஊற்றினது தட்டில். ஏரிக்கரைக்குக் கீழே அந்தப் பதினோரு ஏக்கர்தான் தாழ்ந்த இடம், கசிவு முழுக்க அங்கேதான் இறங்குகிறது. என் மேப்பில் உயரக் கோடுகள் இருக்கின்றன, அவையே இதைச் சொல்கின்றன. அங்கே தார் போட்டால் தண்ணீர் எங்கே போகும் என்று நான் எழுதியிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை என்று எழுதவில்லை.

மூன்று வருடமாகச் சேற்றில் நிற்கிறாய் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு தடவைதான் சொல்வேன்.

என்ன யோசித்தாய்? பதினோரு நாள்தான் இருக்கிறது.

முகிலன்

*

நெடுங்கரை
3 செப்டம்பர், புதன்

முகிலா,

அந்த அறிவிப்பு மேப்பைப் பெரிதாக, கலரில், பிரிண்ட் போட்டு, நாளைக்கு மாமா வண்டி திரும்பும்போதே அவரிடம் கொடு. பச்சை மேப் வேண்டாம். நீ முதலில் போட்ட அந்தக் கேவலமான மேப். 'தரிசு' என்ற எழுத்து கண்ணாடி போடாதவர்களுக்கும் தெரிய வேண்டும். எதற்கு என்று கேட்காதே.

கீதா

*

நெடுங்கரை
9 செப்டம்பர், செவ்வாய்

தம்பி,

பிரிண்ட் நன்றாக இருந்தது. 'தரிசு' என்று சிவப்பில் போட்டிருந்தாய். அது நான் கேட்காதது. அதற்காக ஒரு நன்றி.

போன வெள்ளிக்கிழமை, முதல் கட்டுகளைக் கொடுக்க நானே பொன்னுரங்கம் ஐயா வீட்டுக்குப் போனேன். எப்போதும் புஷ்பம் அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். அன்றைக்கு அவர் கடைக்குக் கிளம்பும் நேரமாகப் பார்த்துப் போனேன். கீரைக் கட்டுகளை உன் மேப்பில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன்.

புஷ்பம் அக்கா பிரித்தார். "இன்னாடி இது, கல்யாணப் பத்திரிகையா?"

"பலகையில ஒட்டியிருக்காங்கக்கா. நம்ம நிலத்துப் படம்."

பொன்னுரங்கம் ஐயா மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டே, "லாரி ஸ்டாண்டு வர்ற கதைதானே, தெரியும் தெரியும். நல்ல ரேட்டு வந்தா குட்த்துட்டுப் போறேன். அந்தச் சேத்த வச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேன்?" என்றார்.

தோற்றோம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் புஷ்பம் அக்கா எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

"த... ரி... சு. தரிசு! யோவ், உங்கப்பா நிலம் தரிசாம்யா."

"இன்னா?"

"தரிசாம். பயன்பாட்டுல இல்லியாம். அப்ப வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நான் ஆய்ஞ்சி கடையற கீரை எங்கேர்ந்து வருது, அமெரிக்காலேர்ந்தா?"

ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். சிவப்பு எழுத்தின் மேல் விரல் வைத்துப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"எவன்டா எழுதனது இத?"

நான் உன் பெயரைச் சொல்லவில்லை. யாரோ படித்த பையன் என்றேன்.

"எங்கப்பன் மூணு போகம் எட்த்த மண்ணு. ஏரி வத்துன வருசத்துல கூட எங்க வயக்காட்டுல தண்ணி நின்னுது. தரிசாம்! வித்தா வித்துட்டுப் போறேன், அது என் இஷ்டம். பொறம்போக்கு மாரி எழுதறதுக்கு இவன் யாரு? ஊருல நாலு பேரு பாத்தா பொன்னுரங்கம் நிலத்தப் பாழாப் போட்டுட்டான்னு பேச மாட்டான்?"

"பலகையில ஒட்டி மூணு வாரம் ஆகுதுங்க ஐயா. ஊர்ல எல்லாரும் பாத்துட்டாங்க" என்றேன். இதை நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னேன்.

"வர்ற பன்னண்டாந்தேதி கூட்டமா? வர்றேன். வந்து கேக்கறேன்."

கட்டுகளைப் புஷ்பம் அக்கா வாங்கிக்கொண்டார். உன் மேப்பை மடித்து, டிவிக்குப் பக்கத்தில் வைத்தார்.

நீ இரண்டு வாரமாகத் தேடிக்கொண்டிருந்த ஆட்சேபம் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. எப்படி வந்தது என்று கேட்டால், நீ தப்பாக எழுதினதால் வந்தது. நீ முதலிலேயே 'கீரை' என்று சரியாக எழுதியிருந்தால் அவர் நல்ல விலைக்குப் பேசிக்கொண்டிருப்பார். இதைச் சொல்ல எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை எனக்கு வேலை அதிகம், கூட்டத்துக்கு நான் வர முடியாது. மாமா வருவார். நீ போய் நின்று பார்த்து, ஒன்று விடாமல் எழுது. உன் கருத்தைச் சேர்க்காதே.

கீதா

*

இரும்புலியூர்
13 செப்டம்பர், சனி

அக்கா,

கருத்து கடைசியில். முதலில் நடந்தது.

கூடம் நிறைந்திருந்தது. நான் கம்பெனி பக்கம், ஸ்ரீநிவாசராகவன் சாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாமா கடைசி வரிசையில் சுவரோரம் நின்றார். அதிகாரி நிலத்தின் எண்ணைப் படித்து, "இதில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்றதும் பொன்னுரங்கம் எழுந்தார். வெள்ளை வேட்டி, கையில் உன் கீரை ஈரம் பட்டுக் கறையான மேப்.

"என் நிலம் தரிசுன்னு எவன் சொன்னான்?"

அதிகாரி என் பக்கம் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். நான்தான் எழுதினேன், திருவிழா வாரத்தில் படம் எடுத்தேன், அது தப்பு, வருடம் முழுக்கப் பயிர் இருக்கிறது, இரண்டு வருடப் படங்கள் கையில் இருக்கின்றன என்றேன். ஸ்ரீநிவாசராகவன் சார் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். உட்காரவில்லை. தாழ்ந்த நிலம், கசிவு, தார் போட்டால் தண்ணீர் எங்கே போகும் என்பதையும் சொல்லிவிட்டேன்.

அதிகாரி பொன்னுரங்கத்திடம், "அப்போ யார் பயிர் செய்றாங்க?" என்று கேட்டார்.

எனக்கு உன் கடிதம்தான் ஞாபகம் வந்தது. மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்" என்றார் பொன்னுரங்கம்.

"பதினோரு ஏக்கரும் நீங்களேவா?"

"ஆமா. நானே வெதைச்சி, நானே பிடுங்கறேன்."

"என்ன பயிர்?"

"கீரை. சிறுகீரை, மொளக்கீரை, எல்லாம்."

"சிறுகீரை எத்தனை நாள்ல பிடுங்கலாம்?"

பொன்னுரங்கம் கூரையைப் பார்த்தார். வேட்டி நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். இருபது வருடம் ஆணி விற்றவர் எப்படிச் சொல்வார்? அப்போது மாமா கடைசி வரிசையில் இரண்டு கையையும் விரித்து இரண்டு தடவை காட்டி, பிறகு ஒரு கையை மட்டும் காட்டினார்.

"இருவத்தஞ்சி நாளு" என்றார் பொன்னுரங்கம், கம்பீரமாக.

அதிகாரி திரும்பி மாமாவைப் பார்த்தார். மாமா அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். அதிகாரி கீழே குனிந்து எழுதினார். சிரித்தாரா என்று சத்தியமாகத் தெரியவில்லை. எழுதியதைப் படித்துக் காட்டினார்: நிலத்துக்காரர் ஆட்சேபம், நிலம் சாகுபடியில் உள்ளது, மறு ஆய்வு முடியும் வரை திட்டத்திலிருந்து நிறுத்தி வைக்கப்படுகிறது.

வெளியே வந்ததும் பொன்னுரங்கம் மாமா தோளில் ஒன்று போட்டார். "இன்னா குமரவேலு, வெரல காட்டறதுக்கு இவ்ளோ நேரமா? மானமே போயிருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "வர்ற வெள்ளிக்கிழமை கட்டு அனுப்பாத. நானே அங்க வர்றேன். எந்தப் பாத்தியில இன்னா கீதுன்னு காட்டு. மறுபடி எவனாச்சும் கேட்டா சொல்லணும் இல்ல?" என்றார்.

இப்போது என் கருத்து. எனக்கு ரத்தம் கொதித்தது. எட்டுக் குடும்பத்தின் உழைப்பை ஒரு மனுஷன் எழுந்து நின்று 'நான்தான்' என்று சொல்கிறார். அதுவே உங்களைக் காப்பாற்றுகிறது. நல்ல செய்தியாகவும் இருக்கிறது, அநியாயமாகவும் இருக்கிறது. மாமாவிடம் கத்தினேன். அவர், "மண்ணு நின்னுச்சு இல்ல? வா, டீ சாப்பிடலாம்" என்றார்.

டீ குடிக்கும்போதுதான் யோசித்தேன். எங்கள் கம்பெனி நாற்பது பேர், நானூறு ஏக்கர், ஒரு டிரோன். யாரும் நகர்த்த முடியாத ரிப்போர்ட்டை நீ நாலு கட்டுக் கீரையைச் சுற்றி எடுத்துப் போய் நகர்த்திவிட்டாய். எந்த வார்த்தை எந்த மனுஷனுக்குப் பொறுக்காது என்று உனக்குத் தெரிந்திருந்தது. ஒன்பது கேட்டுக்கு நேரம் போட்ட அதே மூளை. அக்கா, நீ பெரிய ஆள். இதையும் ஒரு தடவைதான் சொல்வேன்.

மறு ஆய்வையும் என்னிடமே கொடுத்துவிட்டார் ஸ்ரீநிவாசராகவன் சார். "நீ கிளப்பின, நீயே முடி. அதுக்கப்புறம் உன் வேலையைப் பத்திப் பேசலாம்" என்றார். என்ன பேசுவார் என்று தெரியும். பேசட்டும்.

இனி நான் செய்யப் போவது:

1. உன்னிடம் என் எண்ணைத் திறக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். எழுதும்போதுதான் நீ முடிக்கும்வரை பொறுக்கிறேன்.

2. டிரோனை ஒரு தடவை அல்ல, மூன்று தடவை பறக்கவிடுவேன், சில நாள் இடைவெளி விட்டு. ஒவ்வொரு தடவையும் முதலில் உன்னிடம் நாள் கேட்பேன். கூட்டம் கூடினால் கூடட்டும், கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்வேன்.

3. மேப்பின் அடிக்குறிப்பில் இப்படி எழுதுவேன்: 'ஆண்டு முழுவதும் கீரை. ஆடியில் அம்மனுக்குக் காப்பு கட்டும் நாட்களில் மட்டும் நிலம் காலியாக இருக்கும். அதைத் தரிசு என்று கொள்ளக் கூடாது.' ஸ்ரீநிவாசராகவன் சார் இதை நீக்கச் சொல்வார். நீக்க மாட்டேன்.

4. உயரக் கோடுகளையும் கசிவு இறங்கும் பாதையையும் தனி மேப்பாகச் சேர்ப்பேன். இந்தத் தடவை யாரும் கேட்காமலேயே.

5. வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு நெடுங்கரைக்கு வருவேன். பொன்னுரங்கம் விதை தூவக் கற்றுக்கொள்வதைப் பார்க்க வேண்டும். எனக்கும் தெரியாது, அதனால் அவருக்குப் பக்கத்துப் பாத்தியை எனக்குக் கொடு.

6. 'பயிர் செய்பவர்' என்று ஒரு கட்டம் போட்டு, எட்டு வரி விட்டு, எதுவும் எழுதாமல் வைப்பேன். பூஜ்யம் போட மாட்டேன். காலியாக விடுவேன். பூஜ்யம் என்றால் அங்கே யாரும் இல்லை என்று அர்த்தம். காலி என்றால் இருக்கிறார்கள், இன்னும் எழுதவில்லை என்று அர்த்தம். அதை எழுத வேண்டிய நாளை நீ சொல். அதுவரை நான் பொறுத்திருப்பேன்.

முகிலன்